ஜாயின்ட்லி அண்ட் செவரலி – ஒரு வொகாபுலரி சாம்பியனின் வாக்குமூலம்

முதலில் கொஞ்சம் தற்பெருமை அடித்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அது சீக்கிரமே சந்தி சிரிக்கப் போகிறது.

2023-ல் பி.காம் முதல் வருஷம் சேர்ந்த புதிதில் காலேஜ் விழாவில் 'வேர்ட் பவர்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். யாருக்கும் தெரியாத பழைய இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்வார்கள், நாம் அர்த்தம் சொல்ல வேண்டும். அதில் நான்தான் ஃபர்ஸ்ட். பரிசு ஒரு டிக்‌ஷனரி, ஒரு டி-ஷர்ட். (திருப்பூரில் எந்தப் போட்டியில் ஜெயித்தாலும் டி-ஷர்ட்தான். தோற்றாலும் டி-ஷர்ட்தான்.)

கடைசிச் சுற்றில் எனக்கு வந்த வார்த்தை 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்'. மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் 29 எழுத்து. ஒரு விஷயத்தை ஒன்றுக்கும் உதவாதது என்று தள்ளிவிடுவது என்று அர்த்தம். 2018-ல் சசி தரூர் தன் புத்தகத்தை ட்விட்டரில் அறிவிக்கும்போது இந்த வார்த்தையைத் தூக்கிப் போட, நாடு முழுக்க அகராதியைப் புரட்டியது. நானும் அப்போது ஸ்கூல் பையனாக அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஐந்து வருஷம் கழித்துக் கைகொடுத்தது.

அந்த வார்த்தையின் முதல் துண்டு 'ஃப்ளாக்கஸ்'. லத்தீனில் ஒரு சிட்டிகைக் கம்பளிப் பஞ்சு என்று பொருள். ரோமாக்காரனுக்குப் பஞ்சுத் துணுக்கு என்றால் மதிப்பே இல்லாத சமாச்சாரம். பாவம், அவன் திருப்பூர் வந்ததில்லை. இங்கே பனியன் வேஸ்ட்டுக்கு கிலோ கணக்கில் விலை பேசி, அதற்கும் ஒருத்தர் குறுக்கே வந்து கமிஷன் கேட்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போட்டி முடிந்து இரண்டு மாசம் இருக்கும். டிசம்பர். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தார். மாமா ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். நாலு ஓவர்லாக், மூணு பேட்லாக், இரண்டு சிங்கர், அவ்வளவுதான். கம்பெனிக்காரர்கள் கட்டிங் முடித்துக் கொடுப்பதை வாங்கித் தைத்துக் கொடுப்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் முத்திரைத்தாள் ஒட்டிய கத்தை.

"கண்ணு, இங்கிலீசுல பிரைஸெல்லாம் வாங்கிருக்கறயாமா, அக்கா சொல்லுச்சு. இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நாளைக்குக் கையெழுத்துப் போடோணும்."

மாமாவின் நண்பர் ஒருவர் புது மெஷின் வாங்க பேங்கில் லோன் போடுகிறார். அதற்கு மூன்று பேர் ஷூரிட்டி. மாமா அதில் ஒருத்தர். ஷூரிட்டி என்றால் நம் ஊரில் என்ன நினைப்பு என்று உங்களுக்கே தெரியும். "இந்த ஆளு நல்ல ஆளு, நான் சொல்றேன்" என்று ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி. வார்த்தைக்குள்ளேயே 'ஷூர்' இருக்கிறதே!

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெரிய வக்கீல் மாதிரி படித்தேன். பதினாலு பக்கம். முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்ல முடியுமா? வொகாபுலரி சாம்பியன் ஆயிற்றே. ஒரு இடத்தில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று இருந்தது. ஆஹா, இது தெரியும்! ஜாயின்ட் என்றால் சேர்ந்து, செவரல் என்றால் பல.

"ஒண்ணும் பயமில்லீங்க மாமா. மூணு பேரும் சேர்ந்துதான் பொறுப்புன்னு போட்டிருக்கு. ஏதாச்சும் ஆனாலும் உங்களுக்கு மூணுல ஒரு பங்குதானுங்க."

"அவ்வளவுதானா? அப்பச் சரி."

மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது அந்த வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிறேன். செவரல் என்ற சொல்லின் மூலம் லத்தீனில் தனி, பிரிந்தது என்று பொருள்படும் சொல். செப்பரேட் என்ற சொல்லுக்கு நெருங்கிய சொந்தம். பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் நண்பர்கள் அவரவர் வழியில் பிரிந்து போனார்கள் என்பதற்கு 'செவரல் வழிகளில் போனார்கள்' என்று எழுதுவார்கள். அந்த அர்த்தம் தெருவில் செத்துப்போய், 'சில பல' என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது. தெருவில் செத்தது பத்திரத்தில் சாகவில்லை. பத்திரத்தில் செவரலி என்றால் இன்றைக்கும் 'தனித்தனியாக' என்றே பொருள். அதாவது மூன்று பேரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருத்தரும் தனித்தனியாக முழுத் தொகைக்கும் பொறுப்பு. மூன்றில் ஒரு பங்கு என்று நான் சொன்னது முழுப் பொய். என் வாயால், என் டிக்‌ஷனரி பலத்தால் சொன்ன பொய்.

நண்பர் 2025 ஆரம்பத்தில் தவணை கட்டுவதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் யூனிட்டை மூடினார். பிறகு ஆளையே காணோம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சம்பள நாள். டெய்லர், கைமடி, செக்கிங் அக்காக்கள் எல்லோருக்கும் வாரக் கணக்கு முடிக்கும் நாள். சாயங்காலம் காசு கைக்கு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க முடியும், மளிகைக் கடை பாக்கியை அடைக்க முடியும். மாமா காலையில் பேங்குக்குப் போனார். கரண்ட் அக்கவுன்டில் பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. 'லீன் மார்க் ஆகியிருக்கு சார்' என்றார்களாம்.

மாமா எனக்கு போன் செய்தார். "கண்ணு, லீனுன்னா என்ன?"

லீன் என்பது இங்கிலீஷுக்கு பிரெஞ்சு வழியாக வந்த பழைய சொல். அடியில் கிடக்கும் லத்தீன் சொல்லுக்குக் கட்டு, கயிறு என்று அர்த்தம். பணம் உன்னுடையதுதான், ஆனால் கயிறு எங்கள் கையில். இதை நான் அன்றைக்கு போனில் சொல்லவில்லை. என்னால் எதுவுமே சொல்ல முடியவில்லை. அத்தை செயினை அடகு வைத்து அந்த வாரச் சம்பளம் போட்டார்கள்.

இதில் இன்னொரு கேவலம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். லீன் என்ற வார்த்தையும் ஷூரிட்டி சமாச்சாரமும் எனக்குப் புதிது இல்லை. இரண்டாம் வருஷம் பிசினஸ் லா பேப்பரில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 171: பேங்கர், ஃபேக்டர், வார்ஃபிஞ்சர், ஹைகோர்ட் அட்டர்னி, பாலிசி புரோக்கர் ஆகியோருக்கு ஜெனரல் லீன் உண்டு. ஐந்தையும் வரிசை மாறாமல் எழுதினால் முழு மார்க். வார்ஃபிஞ்சர் என்றால் யார் என்று எங்கள் வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை. (கப்பல் துறையில் சரக்கு இறக்கும் மேடையை நடத்துபவர். நொய்யல் ஆற்றில் அப்படி ஒருத்தரைத் தேடாதீர்கள்.) பிரிவு 128: ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்கு 'கோ-எக்ஸ்டென்சிவ்'. இரண்டு மார்க் கேள்வி. எழுதினேன், டிக் போட்டார்கள், போய்விட்டேன். அந்த கோ-எக்ஸ்டென்சிவ் என்ற வார்த்தைக்குள் எங்கள் மாமா உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அதாவது கடன்காரன் எவ்வளவு கட்ட வேண்டுமோ அவ்வளவும் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. முதலில் கடன்காரனை உலுக்கிப் பார்த்துவிட்டு வா என்று பேங்கைத் திருப்பி அனுப்பவும் முடியாது. பேங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1960-களின் கடைசியிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முதல் கோபம் என் மேல். அது முடிந்தது. மற்றதைச் சொல்கிறேன்.

பழைய இங்கிலீஷ் வார்த்தைகளை நாம் இரண்டு விதமாக வைத்திருக்கிறோம். ஒன்று ஷோகேஸில். இன்னொன்று கழுத்தில். ஷோகேஸ் வார்த்தைகளுக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை! 2017 மே மாதம் தரூர் 'ஃபராகோ' என்று ஒரு வார்த்தையை ட்வீட் செய்தார். அன்று முழுக்க அதே பேச்சு. எங்கள் ப்ளேஸ்மென்ட் டிரெய்னிங்கில் இன்றைக்கும் அதை ஸ்லைடில் போடுகிறார்கள். (ஃபராகோ என்றால் லத்தீனில் மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். காங்கேயம் பக்கம் எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் எத்தனை கிலோவுக்கு எத்தனை புண்ணாக்கு என்று ஃபராகோ ரெசிபியே சொல்வார்.) தரூர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் விளையாடுகிறார், அழகாகவே விளையாடுகிறார். வாயைப் பிளந்து பார்த்த நம்மைத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் அதற்கு ஒரே ஒரு மாசம் முன்னால், 2017 ஏப்ரலில், இன்னொன்று நடந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான ஒரு வழக்கில் ஹிமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. உச்சநீதிமன்ற நீதிபதிகள் படித்தார்கள். புரியவில்லை. இங்கிலீஷ் அவ்வளவு கடினம். என்ன சொல்லியிருக்கிறது என்றே விளங்கவில்லை என்று தீர்ப்பை ரத்து செய்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே புரியாத இங்கிலீஷில் ஒரு மனுஷனின் வீட்டு விவகாரம் எழுதப்பட்டிருந்தது. நாம் எதற்கு அகராதி புரட்டினோம்? ஃபராகோவுக்கு!

எங்கள் காலேஜில் ஒரு டிரெய்னர் வருவார். நல்ல மனிதர். வாரம் இருபது வார்த்தை கொடுப்பார். பெர்ஸ்பிகேஷியஸ், புசிலானிமஸ், டீஃபெனஸ்ட்ரேட். கடைசி வார்த்தைக்கு அர்த்தம் ஒருத்தரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது. மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன், திருப்பூரில் அதைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை (டிரெய்னரைத் தவிர). ஆனால் இன்டெம்னிஃபை, வேவ், அசைன்ஸ், யூசன்ஸ், டெமரேஜ், லேடிங் என்று நாங்கள் வேலைக்குப் போகிற முதல் நாளே மேஜையில் வந்து விழப்போகிற வார்த்தைகளை ஒரு நாளும் கொடுத்ததில்லை. பில் ஆஃப் லேடிங் பற்றி ஒரு யூனிட்டே படித்திருக்கிறோம். லேட் என்பது ஏற்றுவது என்ற பழைய வினைச்சொல், லோட் என்பதற்கு அண்ணன் மாதிரி என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும், ஜென்மத்துக்கும் மறக்காது. தூத்துக்குடிக்கு கன்டெய்னர் அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை 'பில் ஆஃப் லேண்டிங்' என்று சொல்கிற சீனியர்களை எனக்குத் தெரியும்.

வேவ் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாமாவின் பத்திரத்தில் அது நாலு இடத்தில் வருகிறது. அன்றைக்கு ராத்திரி அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், தெரியுமா? வேவர் என்றால் கடன் தள்ளுபடி என்றுதானே பேப்பரில் படித்திருக்கிறோம். ஏதோ நல்லது என்று நினைத்தேன். பழைய பிரெஞ்சு வழக்கில் அதற்குக் கைவிடுவது என்று பொருள். இங்கே கைவிடுகிறவர் யார்? பேங்க் இல்லை, மாமா! ஒப்பந்தச் சட்டம் ஜாமீன்தாரருக்குச் சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால் அவருக்குப் பொறுப்பு இல்லை (பிரிவு 133). கடன்காரனோடு சமரசம் செய்துகொண்டு அவனுக்குத் தவணை நீட்டித்தால் பொறுப்பு இல்லை (135). ஈடாக வைத்த பொருளைக் கடன் கொடுத்தவர் தொலைத்துவிட்டால் அந்த அளவுக்குப் பொறுப்பு குறையும் (141). இவை எல்லாவற்றையும் 'வேவ் செய்கிறேன்' என்று மாமா கையெழுத்துப் போட்டிருக்கிறார். சட்டம் கொடுத்த குடையை மடக்கிக் கொடுத்துவிட்டு மழையில் நின்றிருக்கிறார். பக்கத்தில் குடை பிடிக்கத் தெரிந்தவனாக நான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1872-ல் வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டம் இந்தப் பத்திரத்தை விட நூறு மடங்கு தெளிவாக இருக்கிறது. படித்துப் பாருங்கள். பல பிரிவுகளுக்கு அடியில் 'உதாரணம்' என்று கதை மாதிரி எழுதியிருப்பார்கள். ஏ என்பவர் சி-க்காக பி-யிடம் பொறுப்பு ஏற்கிறார், சி பணம் கட்டவில்லை, ஏ அசலோடு வட்டிக்கும் செலவுக்கும் பொறுப்பு. முடிந்தது. பிரிவு 128-க்கு இருக்கிற உதாரணம் இதுதான். 150 வருஷத்துக்கு முந்தின சட்டம் உதாரணம் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தது. இன்றைக்கு கம்ப்யூட்டரில் அடித்து பிரின்ட் எடுக்கிற பத்திரம் "விட்னெஸெத்" என்கிறது. அந்த 'எத்' விகுதி பேச்சு இங்கிலீஷிலிருந்து போய் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "நோ ஆல் மென் பை தீஸ் பிரசன்ட்ஸ்" என்று ஒரு தொடக்கம் பவர் பத்திரங்களில் வரும். எங்கள் வகுப்பில் ஒருத்தன் மொழிபெயர்த்தான்: "இந்தப் பரிசுப் பொருட்கள் மூலம் எல்லா ஆண்களும் தெரிந்துகொள்ளுங்கள்." சிரித்தோம். ஆனால் அவன் மேல் என்ன தப்பு? பிரசன்ட்ஸ் என்றால் 'இந்தப் பத்திரம்' என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

வக்கீலுக்குப் படிக்கும் ஒரு நண்பனிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். அவன் சொன்ன பதிலை மறைக்கக் கூடாது. "செவரலி என்ற வார்த்தைக்கு கோர்ட் அர்த்தம் சொல்லி முடித்தாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு நீ புதுசாக ஒன்று எழுதினால், அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் இருபது வருஷம் கேஸ் நடக்கும்" என்றான். நியாயம்தான். நான் எடுக்கச் சொல்லவில்லையே! வார்த்தை இருக்கட்டும். அதற்குக் கீழே இரண்டு வரி சேர்க்க என்ன கேடு? "கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் உங்கள் மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்போம். முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இல்லை." எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு வரியைப் படித்திருந்தால் மாமா கையெழுத்துப் போட்டிருப்பாரா? போடாமல் போய்விடுவாரோ என்பதுதான் எழுதாததற்குக் காரணம் என்று எனக்குச் சந்தேகம். நண்பன் அப்படி இல்லை என்கிறான், வெறும் காப்பி-பேஸ்ட் பழக்கமாம். எதுவாக இருந்தாலும் செயின் அடகில்தான் இருக்கிறது.

இந்த வார்த்தைகள் பிறந்த ஊரிலேயே துடைப்பத்தை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1999-ல் சிவில் வழக்கு விதிகளைப் புதுப்பித்தபோது 'பிளைன்டிஃப்' என்ற வார்த்தையைத் தூக்கிவிட்டு 'கிளெய்மன்ட்' என்று வைத்தார்கள். கேட்கிறவர், அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. நாம் 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தோடு இன்னமும் பிளைன்டிஃபைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். தாத்தா தூக்கிப் போட்ட கோட்டைப் பேரன் இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி.

ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை விட்டது. சில்லறைக் கடனுக்கும் சிறு, குறு தொழில் டெர்ம் லோனுக்கும் முக்கிய விவரங்களை ஒரு தாளில் தர வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு இது கட்டாயம் ஆனது. நல்ல காரியம். ஆனால் அது பேசுவது கடன் வாங்குபவரைப் பற்றி. ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு "எங்கீங்க போடோணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போடுகிற ஷூரிட்டிக்காரரைப் பற்றி யார் பேசுவது?

உடனே சிலர் கிளம்புவார்கள். "அதான் சொல்றோம், எல்லாத்தையும் தமிழ்ல போட்டாச் சரியாயிரும்." அப்படியா? உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாத்தியதை, சுவாதீனம், பராதீனம், ஜப்தி, ஷெ சொத்து. எங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தில் ௸ என்று ஒரு குறி இருக்கிறது. நான் சின்ன வயதில் அதை ஏதோ சாமி சின்னம் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன். 'மேற்படி' என்று அர்த்தமாம். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு எல்லா மொழியிலும் ஒரே வியாதி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இவங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் ஏறாது" என்கிற கூட்டம். அவர்களைக் காதர்பேட்டைக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போக வேண்டும். நம் ஊரின் அடையாளமே பனியன்தான். அது என்ன தமிழா? குஜராத்தி வியாபாரிகளைக் குறிக்கும் வாணியோ என்ற சொல், போர்ச்சுக்கீசியர் வாயில் விழுந்து இங்கிலீஷுக்குப் போய் 'பேனியன்' ஆனது. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கனவான்கள் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் தொளதொள அங்கிக்கு அந்தப் பெயர். ஆலமரத்துக்கும் அதே பெயர்தான், வியாபாரிகள் அதன் அடியில் கடை போட்டதால். 1886-ல் யூலும் பர்னலும் போட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் உள்சட்டை என்ற அர்த்தமும் வந்துவிட்டது. இன்றைக்கு லண்டனில் போய் பேனியன் என்றால் மரத்தைத்தான் காட்டுவார்கள். துணியாக அந்தச் சொல் அங்கே மியூசியத்தில் இருக்கிறது. இங்கே ஒரு ஊரே அதில் சோறு தின்கிறது. ஹோசியரியும் அப்படித்தான். ஹோஸ் என்றால் பழைய இங்கிலீஷில் காலுறை. கழுத்தில் மாட்டுகிற பனியனை வருஷக்கணக்கில் காலுறைக் கம்பெனி என்று போர்டு போட்டுத் தைத்திருக்கிறோம்.

எட்டாவது தாண்டாத எங்கள் மாமா யூனிட் அக்காவுக்கு ஜி.எஸ்.எம். தெரியும், ரிப் தெரியும், இன்டர்லாக் தெரியும், ஷேட் வேரியேஷன் வந்தால் பீஸைத் தூக்கிக் காட்டி மெர்ச்சன்டைசரிடமே சண்டை போடுவார். யார் கோச்சிங் கொடுத்தது? வார்த்தையையும் அது செய்கிற வேலையையும் ஒன்றாகக் கையில் கொடுத்தார்கள், ஏறிவிட்டது. செவரலியும் ஏறும். "அக்கா, மூணு பேரு ஷூரிட்டி போட்டா முழுக் காசும் உங்க ஒருத்தர்கிட்டயே கேக்கலாம், அதுக்குப் பேரு செவரலி" என்றால் அந்த அக்கா ஆயுசுக்கும் மறக்க மாட்டார். எனக்குத்தான், டிக்‌ஷனரி பரிசு வாங்கியவனுக்குத்தான், ஏறவில்லை.

மாமா கதை இன்னும் முடியவில்லை. பேங்கில் பேசி, கொஞ்சம் கட்டி, கரண்ட் அக்கவுன்டை விடுவித்தார். மீதிக்கு மாசாமாசம் கட்டுகிறார். ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கிய நேரத்தில் ஜாப் ஒர்க்கும் குறைந்துபோய், இரண்டு மாசம் ரொம்பத் திண்டாடினார். பிரிவு 146 என்று ஒன்று இருக்கிறது. கூட்டு ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆக, மூன்றில் ஒரு பங்கு என்பது சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மாமாவுக்கும் மற்ற இருவருக்கும் இடையில். பேங்குக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. முதலில் கட்டு, அப்புறம் அவர்களிடம் வாங்கிக்கொள். ஒருத்தர் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். இன்னொருத்தர், எங்களுக்குச் சொந்தமும்கூட, கல்யாண வீட்டில் பார்த்தால் பந்தி மாறி உட்காருகிறார்.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அத்தை மட்டும் ஒரு தடவை, காபி கொடுக்கும்போது, "அந்த டிக்‌ஷனரி இன்னும் வெச்சிருக்கறயா கண்ணு?" என்று கேட்டார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். பெர்ஸ்பிகேஷியஸ் வகையறாவுக்கு அதில் இடம் இல்லை. பத்திரத்தில், பில்லில், பேங்க் பாரத்தில் வருகிற வார்த்தைகள் மட்டும். இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அது யார் பாக்கெட்டில் கை வைக்கிறது என்று. மார்ட்கேஜ் என்றால் பழைய பிரெஞ்சில் 'செத்த ஈடு'. டெமரேஜ் என்றால் தாமதித்ததற்கான தண்டம். டேஸ் ஆஃப் கிரேஸ் என்றால் 1881-ம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டப்படி கெடுவுக்கு மேல் மூன்று நாள். என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் ஜெராக்ஸ் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் லோன் பேப்பரில் புரியாத வார்த்தை இருந்தால் எழுதி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன். பெயர், தொகை எதுவும் வேண்டாம், வார்த்தை மட்டும் போதும். எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்வேன், சத்தியமாக.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடி அதே பிளாஸ்டிக் கவரோடு வந்தார். யூனிட் இருக்கிற ஷெட்டுக்கு வாடகை அக்ரிமென்ட் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை அவரே பென்சிலால் ஒரு இடத்தில் வட்டம் போட்டு வைத்திருந்தார். 'தி டிமைஸ்டு பிரிமைசஸ்'. யாரோ அவருக்கு டிமைஸ் என்றால் சாவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஏங் கண்ணு, ஓனரு நேத்துக்கூட டீக்கடையில என்கூடத்தான் இருந்தாரு. செத்தது யாரு?"

யாரும் சாகவில்லை, பத்திரத்தில் டிமைஸ் என்றால் வாடகைக்கு விடுவது என்றேன். அவர் நம்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.